நாதஸ்வரத்தின் உட்துளை பற்றி ஒரு சின்னத் திருத்தம்

கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாதஸ்வரத்தில் வெளிப்புறம் மட்டும்தான் சரிவு, உள்ளே மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத் துளை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்கிறார்கள். அது சரியல்ல. ஆச்சா மரத்தைக் கடைந்து போடும் அந்தத் துளை, சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல்) பக்கம் குறுகி, அணசு (கீழ்முனையில் மாட்டும் புனல் போன்ற பகுதி) பக்கம் போகப் போக விரியும்.

உங்கள் ஊர்க் கோயிலில் வாசிப்பவரிடம் சீவாளி, கெண்டை (சீவாளியைச் செருகும் சின்ன உலோகக் குழல்), அணசு மூன்றையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரு முனை வாயிலும் ஸ்கேல் வைத்தால் போதும். கீழ்வாய் கண்கூடாகப் பெரிது. அப்புறம், விரலை மாற்றாமல் அழுத்தி ஊதச் சொல்லிக் கேளுங்கள். அதே சுரம் மேல் ஸ்தாயியில் (அடுத்த உயர்ந்த ஏழு சுர வரிசையில்) பேசும், கேட்கவே அவ்வளவு அழகு! துளை ஒரே அகலமாக இருந்தால், கிளாரினெட்டில் நடப்பதுபோல, சட்ஜம் (ச) மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குத் (ப) தாவியிருக்கும்.