ஹெல்மெட் சட்டம் 2019-இல் பிறந்தது இல்லை

"அபராதம் வசூலிக்கத்தான் 2019-இல் ஹெல்மெட் சட்டம் கொண்டுவந்தார்கள். பின்னால் உட்காருபவருக்கு அது பொருந்தாது. என் தலை, என் விருப்பம்" என்று எழுதியிருக்கிறீர்கள், நண்பரே. முதல் இரண்டும் தவறு.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தது. அதன் 129-ஆம் பிரிவிலேயே ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். தலைப்பாகை அணியும் சீக்கியர்களுக்கு விலக்கு உண்டு. 2019 திருத்தத்தில் அபராதம் 1,000 ரூபாயாக உயர்ந்தது.

சரி, "என் விருப்பம்" என்பதற்கு வருவோம். அது நியாயமான கேள்விதான், பேசலாம். ஆனால் பாதிப்பு உங்களோடு முடிந்துவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் சித்தப்பா வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனபோது ஒரு வேகத்தடையில் தூக்கியடித்து விழுந்தார். ஹெல்மெட் வாங்கி வைத்திருந்தார். அது டேங்க் மேல் இருந்தது. நான்கு மாதம் சித்தி வேலைக்குப் போகவில்லை. ஊட்டிவிட்டது, புரட்டிப் படுக்கவைத்தது எல்லாம் அவர்தான். தங்கச்சியின் கல்லூரிக்கென்று சேர்த்த பணம் ஸ்கேனுக்கும் மருந்துக்கும் போனது.

காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் செய்த மதிப்பாய்வின்படி, ஹெல்மெட் தலைக்காய ஆபத்தை ஏறத்தாழ 69 சதவீதமும் மரண ஆபத்தை 42 சதவீதமும் குறைக்கிறது. அப்புறம் ஒன்று, தாடை வாரை மாட்டுங்கள். மாட்டாத ஹெல்மெட் விழும்போதே கழன்று ஓடிவிடும்.