143 வார்த்தை, ஆறு வருஷம்

போன வாரம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலை எங்கள் பெரியப்பா. சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே கேட்டார். “என்னடா, இன்னும் அந்தக் கொழந்தக் கதையத்தான் எழுதிட்டு இருக்கியா? மொத்தமா ஒரு பக்கம் வருமா அது?”

ஒரு பக்கம்கூட வராது பெரியப்பா. சின்னப் பிள்ளைகளுக்கான படப்புத்தகம், 143 வார்த்தை. ஆறு வருஷம் ஆகிறது. இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பாயச வாளி வந்துவிட்டது, அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். பந்தியில் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

கடலூர்க்காரர்களுக்குப் புயல் கூண்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் தொலைக்காட்சியில் கீழே ஓடும்: ‘கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்’. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதைக் கேட்ட என் அக்கா மகள், அப்போது நாலு வயசு, “கூண்டுக்குள்ள புயல புடிச்சு வச்சிருக்காங்களா மாமா?” என்று கேட்டாள். வீடே சிரித்தது. அன்று ராத்திரியே உட்கார்ந்து ஒரே மூச்சில் 900 வார்த்தை எழுதினேன். மொத்தம் 11 எண்கள் உண்டு, பகலில் கூம்பும் உருளையுமாகக் கொடிமரத்தில் தொங்கும், இருட்டினால் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு, பதினோராம் எண் என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். எல்லாவற்றையும் போட்டேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் ‘தானே’ புயல் நம்மைப் புரட்டிப் போட்டதையும், பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததையும்கூட விடவில்லை. எனக்கே புல்லரித்தது. காலையில் அக்கா மகளுக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாவது பத்தியில் எழுந்துபோய்ப் பூனையைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

அந்த 900 வார்த்தையில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது அவள் கேட்ட கேள்வி மட்டும்தான். அவளுக்கு இப்போது பத்து வயசு. “அது எனக்கு வேணாம் மாமா, சின்னப் பசங்களுக்குக் குடுங்க” என்கிறாள். நியாயம்தான்.

விடாமுயற்சி என்றாலே நமக்கு ஞாபகம் வருவது, பதிப்பகம் பதிப்பகமாக அனுப்பி, திரும்பி வந்து, மறுபடி அனுப்பி, கடைசியில் ஜெயிக்கிற கதை. நானும் அனுப்பினேன். ஒரு இடத்தில் ‘பொருத்தமில்லை’ என்று இரண்டு வரி வந்தது. இன்னொரு இடத்தில் அதுகூட இல்லை. மூன்றாவது இடத்தில், நீதி என்ன என்று ஒரு வரி சேர்த்தால் பார்க்கலாம் என்றார்கள். இதெல்லாம் மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு வார வருத்தம். பெரிய விஷயமில்லை. மீதி ஐந்து வருஷம் 51 வாரமும் போனது வேறு இடத்தில்: எனக்குப் பிடித்த வரிகளை நானே ஒவ்வொன்றாக வெளியே அனுப்புவதில்.

நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு அச்சகத்தில் டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற வேலை பார்க்கிறவன். படப்புத்தகம் ஏன் 32 பக்கம், 24 பக்கம் என்றே வருகிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அச்சகத்தில் பெரிய தாளை இரண்டு பக்கமும் அடித்து மடித்தால் ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம். இரண்டு ஃபாரம் 32, ஒன்றரை ஃபாரம் 24. நடுவில் இரண்டு பின் அடித்தால் புத்தகம். 33வது பக்கம் வேண்டுமென்றால் கடவுளே வந்தாலும் கிடைக்காது. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் எல்லாம் போனால் கதைக்கு எதிரெதிராக விரியும் ஜோடிப் பக்கங்கள் பதின்மூன்றோ பதினாலோதான் மிஞ்சும். கதை அதற்குள் பிறந்து, வளர்ந்து, வீடு திரும்ப வேண்டும்.

கம்ப்யூட்டரில் எழுதிப் பார்த்தால் இது புரியாது. எட்டு ஏ4 தாளை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக நடுவில் மடியுங்கள். 32 பக்கம் வந்துவிடும். பென்சிலால் ஒவ்வொரு பக்கத்திலும் அதற்குரிய வரியை மட்டும் எழுதுங்கள். எங்கள் பாஷையில் டம்மி. என் முதல் டம்மியில் ‘கூண்டுக்குள்ள என்ன இருக்கு?’ என்ற கேள்வி இடது பக்கத்திலும் பதில் வலது பக்கத்திலும் வந்தது. கேள்வியைப் படிப்பதற்கு முன்னாலேயே பிள்ளையின் கண் பதிலில் நிற்கிறது! அப்புறம் எதற்குக் கேள்வி? கேள்வியை வலது பக்கத்தின் அடியில் வைத்தேன். இப்போது பதில் தெரிய வேண்டுமென்றால் தாளைப் புரட்டியாக வேண்டும். அந்தப் புரட்டல் ஒரு நொடிதான், ஆனால் அதற்குள் பிள்ளைகள் பெரியப்பா பாஷையில் சொன்னால் ‘உசுரைப் பிடித்துக்கொண்டு’ உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த ஒரு கேள்வியை ஒரு பக்கம் தள்ளுவதற்காக முன்னால் இருந்த நாலு பக்கத்தைக் கலைத்தேன். மூன்று மாதம்.

புரட்டினால் என்ன என்கிறீர்களா? காலிக் கூண்டு. உள்ளே ஒன்றுமில்லை, காற்று போய்க்கொண்டிருக்கிறது. முன்பு அந்த இடத்தில் வானிலை ஆய்வு மையம் பற்றி ஆறு வரி இருந்தது.

படம் வரைகிறவர் என் சிநேகிதி, ஓவிய ஆசிரியை. அவரிடம் நான் வாங்கிய குட்டுதான் இந்த ஆறு வருஷத்தில் பெரிய படிப்பு. ‘கறுத்த மேகம் சூழ்ந்தது, தென்னைகள் வளைந்தன, பச்சைப் புடவை கட்டிய ஆயா கதவைச் சாத்தினாள்’ என்று எழுதியிருந்தேன். தாளைப் பார்த்துவிட்டு, “மேகத்த நீங்க எழுதிட்டீங்க, தென்னைய எழுதிட்டீங்க, பொடவ கலரையும் எழுதிட்டீங்க. அப்ப நான் எதுக்கு?” என்றார். கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஒரு மாதம் பேசவில்லை. அப்புறம் அந்த வரியை எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. படம் சொல்வதை எழுத்து மறுபடி சொன்னால் இரண்டுமே மட்டம். இப்போது அந்தப் பக்கத்தில் இரண்டே வார்த்தை: ‘ஆயா, பயமாருக்கு.’ மேகம், தென்னை, புடவை எல்லாம் அவர் பொறுப்பு. புடவையை அவர் பச்சையாக வரையவில்லை என்பது தனி விஷயம்.

புயல் அடிக்கும் ராத்திரிக்கு இரண்டு பக்கமும் முழுக் கறுப்பு. எழுத்தே இல்லை. இங்கே மட்டும் நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. ஆர்ட் பேப்பரில் நாலு வண்ணத்தையும் ஏற்றிக் கறுப்பை அப்பினால் மை சீக்கிரம் காயாது, அடுக்கி வைத்தால் மேலே இருக்கும் தாளில் ஒட்டிப் பேயாகத் தெரியும். கறுப்போடு கொஞ்சம் நீலம் போதும் என்றேன். நான் சொல்லி அவர் கேட்டது அது ஒன்றுதான்.

‘ஆயா’வுக்கு வருகிறேன். ஒரு பதிப்பகத்தில் அதைப் ‘பாட்டி’ என்று மாற்றச் சொன்னார்கள், மற்ற மாவட்டத்தில் ஆயா என்றால் பள்ளிக்கூடத்து ஆயாவாம். மாற்றினேன். கடலூர் முதுநகரில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை படிப்பார்கள், அங்கே படித்தேன். ‘பாட்டி’ என்றதும் முன்வரிசைப் பையன் ஒருவன், “அது அவங்க ஆயா” என்று திருத்தினான். படத்தைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்திருக்கிறது! திரும்ப ஆயா. தமிழில் படப்புத்தகம் எழுதுவதில் இதுதான் பெரிய தலைவலி. வீட்டில் பேசுவது ஒன்று, புத்தகத்தில் ‘சென்றான், அமர்ந்தான்’ என்று இன்னொன்று. நாலு வயசுப் பிள்ளை தானாகப் படிப்பதில்லை, அம்மா மடியில் வைத்துச் சத்தமாகப் படிக்கிறாள். அம்மா வாயில் ‘அமர்ந்தான்’ எப்போதாவது வருமா? பக்கத்துப் புதுச்சேரியில் 2021 வரை நம்மோடு இருந்த எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) பேசுகிற மாதிரியே எழுதிப் பெரியவர்களைக் கட்டிப்போட்டார். குழந்தைக்கு எழுதும்போது மட்டும் நமக்கு ஏன் வாத்தியார் சட்டை தேவைப்படுகிறது? நான் எடுத்த முடிவு: கதை சொல்கிறவன் எளிய எழுத்துத் தமிழ், பேசுகிறவர்கள் கடலூர்த் தமிழ். சரியா என்று அச்சாகி வந்தால் தெரியும்.

நீதி கேட்டார்கள் என்றேனே, அதற்கும் ஒரு வார்த்தை. புயல் வந்தது, ஆயாவும் பேத்தியும் பயந்தார்கள், விடிந்தது. இதில் ‘எச்சரிக்கையாக இருக்க வேண்டும் குழந்தைகளே’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ‘தானே’ புயல் வந்தபோது எச்சரிக்கை ஏழைக்கும் வந்தது. ஓலைக் கூரை இருந்ததா மறுநாள்?

‘பீட்டர் ராபிட்’ முயல் கதை எழுதிய இங்கிலாந்துக்காரர் பியட்ரிக்ஸ் பாட்டரைப் பற்றி அடிக்கடி ஒரு பதிவு சுற்றுகிறது. பதிப்பகங்கள் திருப்பி அனுப்ப, சொந்தக் காசில் 1901ல் 250 பிரதி அடித்தார் என்று. உண்மைதான். ஆனால் அந்தக் கதை 1893ல் நோயில் படுத்திருந்த ஒரு பையனுக்கு அவர் எழுதிய கடிதம். நடுவே எட்டு வருஷம். 1902ல் பதிப்பகமே வண்ணத்தில் போட்டபோது சில படங்களை எடுத்தும்விட்டார்கள். திருப்பி அனுப்பியதை எல்லோரும் பகிர்கிறார்கள், எடுத்ததை யாரும் பகிர்வதில்லை. நம்ம ஊரில் அழ. வள்ளியப்பா வங்கி வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாட்டாக எழுதினார். நாக்கில் இடறுகிற வார்த்தை ஒன்றை அவர் பாட்டில் தேடிப் பாருங்கள். கிடைக்காது. அந்த ஓட்டம் சும்மா வந்திருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை பதினாலாவது டம்மியோடு மறுபடி முதுநகர் மாடிக்குப் போனேன். இந்த முறை யாரும் எழுந்து போகவில்லை. கேள்விப் பக்கத்தில் ஒரு பொண்ணு என் கையைத் தட்டிவிட்டுத் தானே புரட்டினாள். முடிந்தது, இனி அச்சு வேலைதான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அதே ‘ஆயா’ பையன் கேட்டான்: “கூண்ட எப்ப எறக்குவாங்க?”

ஏற்றுவது பெரிய எழுத்தில் வரும், இறக்குவது எங்கோ உள்பக்கத்தில் ஒரு வரி. ஆறு வருஷமாக என் கதையிலும் கூண்டு ஏறியே இருக்கிறது. விடிந்துவிட்டது, ஆயா வாசல் கூட்டிவிட்டாள், கூண்டு மட்டும் மேலேயே தொங்குகிறது. எனக்கும் தோன்றவில்லை, ஓவியருக்கும் தோன்றவில்லை.

இறக்க இரண்டு பக்கம் வேண்டும். 33வது பக்கம் கிடையாது. 28, 29ல் கடல் அமைதியாவதைப் பற்றி ஐந்து வரி இருக்கிறது. இந்தப் புத்தகத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த ஐந்து வரி. நேற்று ராத்திரி எட்டுத் தாளை மடித்து வைத்தேன், பதினைந்தாவது டம்மி. 28 வரைக்கும் எழுதியாகிவிட்டது.