அகராதியால் அல்ல, ஒப்பந்தச் சட்டத்தால்
‘ஆங்கிலேய நீதிபதிகள் அகராதிப் பொருளைத் தாண்டமாட்டார்கள், அதனால்தான் பிரிஸ்டல் கத்தி வழக்கில் கடைக்காரர் தப்பினார்’ என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். நடந்தது நேர்மாறு. பொத்தானை அழுத்தினால் விரியும் அத்தகைய கத்தியை ‘விற்க முன்வருவது’ அப்போது குற்றம்; அந்தக் குற்றச்சாட்டுதான் கடைக்காரர் மீது. கடை ஜன்னலில் நான்கு ஷில்லிங் விலைச்சீட்டோடு கத்தி இருந்தால், சாதாரண மனிதர் அதை ‘விற்க முன்வந்ததாகவே’ கொள்வார் என்று 1960இல் தலைமை நீதிபதி பார்க்கர் பிரபுவே ஒப்புக்கொண்டார். ஒப்பந்தச் சட்டப்படி அது பேரத்துக்கான வெறும் அழைப்பு என்பதால்தான் கடைக்காரர் பிழைத்தார். (மறு ஆண்டே நாடாளுமன்றம் அந்த ஓட்டையை அடைத்தது.)

அதே பார்க்கர், அதே ஆண்டில், வீட்டு மாடத்தில் நின்றும் ஜன்னலைத் தட்டியும் ஆண்களை அழைத்த பாலியல் தொழிலாளர்கள் ‘தெருவில்’ அழைத்ததாகவே தீர்ப்பளித்தார். தெருவில் நடப்பவர்களைத் தொல்லையிலிருந்து காப்பதே, தெருவில் அப்படி அழைப்பதைக் குற்றமாக்கிய 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கம் என்றார். மாடத்தைத் தெரு என்று சொல்லும் அகராதி எது?