அவன் எழுதிய தாள்

அரசுத் தாள்களில் ஆட்டிசம் உள்ள என் மகனைப் போன்றவர்களுக்குப் ‘புற உலகச் சிந்தனையற்றவர்’ என்று ஒரு பெயர் உண்டு. அவனுக்கு வயது 19. எங்களுடையது விசைத்தறி ஓடும் ஊர். தறிச் சத்தத்தில் நன்றாக உறங்குவான். மின்சாரம் போய்த் தறி நின்றால்தான் திடுக்கிட்டு விழிப்பான். எட்டுத் தறி ஓடும் கூடத்தில் எதில் பாவு நூல் அறுந்தது என்று அவன் அப்பா கண்டுபிடிக்கும் முன்பே விரல் நீட்டிக் காட்டுவான். இவனுக்கா புற உலகச் சிந்தனை இல்லை? அந்தப் பெயரை எழுதியவர் ஒரு நாள் வந்து அவன் பக்கத்தில் நிற்கட்டும்.

போன வாரம் மாவட்டத் தலைநகரில் ஆட்டிசம் பற்றிய சிறப்புக் குறைகேட்புக் கூட்டத்துக்குப் போனோம். கோயம்புத்தூரா, ஈரோடா, திருப்பூரா, நாமக்கல்லா என்று எழுதப் போவதில்லை. கொங்கு நாட்டில் எங்கே நடந்தாலும் இப்படித்தான் நடக்கும் என்பது என் அச்சம்.

உள்ளே நுழைந்ததும் ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. தலைக்கு மேல் ஒரு குழல்விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. டோக்கன் எண்களை ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். தறிக்கு அஞ்சாதவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “போதும், போதும்” என்றான். அவன் அப்பா வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். திரும்பிப் பார்த்தேன். நாற்காலிகளில் பெற்றோர் மட்டுமே இருந்தோம். பிள்ளைகள் எல்லாம் வராந்தாவிலும் மரத்தடியிலும். யாருக்காகக் கூட்டமோ அவர்களில் ஒருவர்கூட உள்ளே இல்லை.

என் முறை வந்தது. “சொல்லுங்கள் அம்மா, உதவித்தொகையா, அடையாள அட்டையா?” என்று அதிகாரி அன்பாகத்தான் கேட்டார். இரண்டும் இல்லை என்று சொல்லி, முந்தின இரவு என் மகன் தன் கையால் எழுதிய தாளை வாசித்தேன். “எனக்கு வேலை வேண்டும். துணியில் குறை எங்கே என்று காட்டுவேன். திடீரென்று தொடக் கூடாது. மதியம் பத்து நிமிடம் தனியாக இருக்க வேண்டும்.” அதை வாங்கி மனுக்களோடு சேர்த்து வைத்தார். அடுத்த டோக்கன்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. அவரவர் தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்கிறது. சாய்தளம் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. ஒலிபெருக்கி இல்லாத ஓர் அறை என்றால் மட்டும் ஏன் புரிவதில்லை? பேச முடியாதவர் எழுதித் தந்தால் அதைப் பேச்சாகவே பதிவு செய்வதில் என்ன செலவு?

என் பக்கத்தில் இருந்த மூதாட்டி, “எனக்குப் பிறகு இவனுக்கு யார் அம்மிணி?” என்று கேட்டார். பேரனுக்கு வயது 24. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது கடந்தவர்களுக்குத் தேவைப்பட்டால் சட்டக் காப்பாளரை நியமிக்க மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு உண்டு என்பதை அவருக்கு அன்றுவரை யாரும் சொல்லவில்லை. அந்தக் குழுவில் ஆட்சியர் நிலை அதிகாரியோடும் தொண்டு நிறுவனப் பிரதிநிதியோடும் ஒரு மாற்றுத்திறனாளியும் இருந்தாக வேண்டும். 1999லேயே சட்டம் போட்ட நாற்காலி அது. அந்த அரங்கில் அதை நான் காணவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மகன் கேட்டான்: “எழுதிக்கொண்டார்களா?”

“வாங்கிக்கொண்டார்கள், கண்ணு.”

“எழுதிக்கொண்டார்களா?”

கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நேற்று விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன்.