ஆமாம், அந்த வாத்தைச் சுட்டது நான்தான்

வாத்து வேட்டையில் என் வயதான நண்பரையும் வாத்தைக் கவ்விய நாயையும் எடுத்து ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, இன்று காலை சொந்தக்காரர் ஒருவரின் வாட்ஸ்அப் வழியாக என்னிடமே வந்து சேர்ந்தது. படத்தின் மேல் சிவப்பு எழுத்தில் ‘கொலைகாரன்’.

சரி, சொல்லிவிடுகிறேன். நாயின் வாயில் இருக்கும் அந்த ஊசிவால் வாத்தைச் சுட்டது நான்தான். சுட்டேன், இறகு பிடுங்கினேன், மிளகு போட்டு வறுத்துச் சாப்பிட்டேன். நான் கொன்றதைத்தான் நான் சாப்பிட்டேன்.

கறியே தொடாதவர்கள் என்னைத் திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் கறிக்கடை வரிசையில் நின்றபடி எனக்குச் சாபம் விடுகிறீர்களே, உங்கள் கோழி சாகும்போது அதன் முகத்தை ஒரு தடவையாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

இஷ்டத்துக்குச் சுடுகிறானாம். கலிபோர்னியாவில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏழு வாத்துகள்தான். துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது. வாத்து வேட்டைக்கு ஈயக்குண்டு 1991 முதல் அமெரிக்கா முழுக்கத் தடை. ஒவ்வொரு சீசனுக்கும் 25 டாலர் கொடுத்து, வாத்து முத்திரை என்ற அரசு அனுமதி முத்திரையை வாங்க வேண்டும். 1934-ல் தொடங்கிய ஏற்பாடு அது. அந்தப் பணம் கிட்டத்தட்ட முழுவதும் சதுப்பு நிலங்களைக் காப்பாற்றத்தான் போகிறது.

கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் நெல் வயல்கள் ஏராளம். வைக்கோல் எரிப்பதைக் குறைக்கச் சட்டம் வந்த பிறகு, அறுவடை முடிந்ததும் தண்ணீர் கட்டி வைக்கோலை மக்க விடுகிறார்கள். சிந்திய நெல்லுக்கு வாத்துகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். டெல்டாவில் பிறந்த எனக்கு அந்தச் சேற்று வாசம் போதும். வரப்போரம் புதைத்த பெட்டி மாதிரியான மறைவிடத்தில், பிளைண்ட் என்பார்கள், விடியும் முன்னே நானும் நண்பரும் நாயும் போய் உட்கார்ந்துவிடுவோம். பேச்சே இருக்காது. எங்களுக்கு முன்னால் நாய்தான் வானத்தைப் பார்க்கும். அதன் உடம்பு நடுங்கினால் பறவை வருகிறது என்று அர்த்தம்.

“நம் ஊரில் வந்து சுடுவாயா?” மாட்டேன். இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கூடாது என்கிறது, அது சரியான சட்டம்.

“அடிபட்டுச் சாகாமல் துடிக்கிற பறவை?” இந்தக் கேள்வி மட்டும் எனக்கு வலிக்கிறது. நாயைக் கூட்டிப்போவதே அதற்காகத்தான். போன வருஷம் இறக்கை உடைந்த ஒன்று கோரைக்குள் புகுந்துவிட்டது. அது கிடைக்கும்வரை துப்பாக்கியைத் தொடாதே என்றார் நண்பர். முக்கால் மணி நேரம் இடுப்பளவு தண்ணீரில் தேடினோம். நாய்தான் கண்டுபிடித்தது. கிடைக்காமல் போனதும் ஒரு தடவை உண்டு. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. இதை நியாயம் என்று சொல்ல வரவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். ஆனால் “உன் அப்பா இருந்திருந்தால் தலைகுனிந்திருப்பார்” என்று எழுதினீர்களே அண்ணா, அதை எப்படி எழுத மனசு வந்தது? அப்பா போனபோது விசா சிக்கலில் என்னால் ஊருக்கு வர முடியவில்லை. உங்களுக்கும் தெரியும். அன்று விடியற்காலை என்னை அந்தப் பிளைண்டுக்குக் கூட்டிப்போய், துப்பாக்கியை எடுக்காமலே மதியம்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இந்தப் படத்தில் நிற்கும் கிழவர்தான். நாய் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. நீங்கள் போன்கூடப் பண்ணவில்லை.

அவருக்குத் தமிழ் தெரியாது. தன் படத்துக்குக் கீழே இவ்வளவு பேர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நேற்று ஆசையாகக் கேட்டார். நாயின் பெயரைக் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.