22 வருஷமாம்!

சனிக்கிழமை பொங்கல் விழாவுக்கு வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிரிட்டனின் வேல்ஸில் நான் குடியிருக்கும் பள்ளத்தாக்கைப் பற்றி மைக்கைப் பிடித்துக்கொண்டு அண்ணன் சொன்னதை எல்லோரும் கேட்டீர்கள், சிரிக்கவும் செய்தீர்கள். "ரோண்டான்னு ஒரு ஊரே கிடையாது. 1974ல கவர்ன்மென்ட் கோடு போட்டு உண்டாக்கின மாவட்டம், 1996ல கலைச்சுட்டாங்க. மொத்தமே 22 வருஷம். நம்ம தங்கச்சி இல்லாத ஊர்ல குடியிருக்காங்க!"

நானும் சிரித்தேன். கையில் சர்க்கரைப் பொங்கல் தட்டு, வேறென்ன செய்ய. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆறவில்லை.

முதலில் பெயர். ரோண்டா இல்லை அண்ணா, அது என்ன ஹோண்டாவுக்குத் தம்பியா? வெல்ஷில் இரண்டு 'டி' சேர்ந்து வந்தால் நாம் 'அது' என்கிறபோது வரும் மெல்லிய 'த' மாதிரிதான். ரொந்தா. பிறந்ததிலிருந்து நம் நாக்கில் இருக்கிற ஒலி.

அப்புறம் வருஷக் கணக்கு. 1974 ஏப்ரல் 1 அன்று வேல்ஸை 8 கவுண்டி, அவற்றுக்குக் கீழே 37 மாவட்டம் என்று பிரித்தார்கள், உண்மை. 1996 ஏப்ரல் 1 அன்று அத்தனையையும் கலைத்து 22 கவுன்சில் ஆக்கினார்கள், அதுவும் உண்மை. (இரண்டுக்கும் ஏப்ரல் 1தான் கிடைத்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.) ஆனால் ரொந்தா 1974ல் பிறக்கவில்லை. சாக்கடையும் சுகாதாரமும் பார்க்க 1877லேயே இந்தப் பள்ளத்தாக்குக்கென்று தனி உள்ளாட்சி வந்துவிட்டது. அப்போது அஸ்ட்ராடவோடுக் என்று பெயர். 1897ல் ரொந்தா ஆனது. 1955ல் நகராட்சி அந்தஸ்து. 1974ல் வந்த 'புது' மாவட்டத்துக்கு அதே பழைய எல்லைதான். புதிதாக எதையும் கொடுக்கவில்லை, இருந்ததைத்தான் பிடுங்கினார்கள். பள்ளிக்கூட நிர்வாகத்தில் இருந்த பங்குகூட மிட் கிளமோர்கன் கவுண்டிக்குப் போனது. அந்தக் கவுண்டியின் தலைமையகம் எங்கே தெரியுமா? கார்டிஃப்பில். வேல்ஸின் தலைநகரான கார்டிஃப்போ அந்தக் கவுண்டியிலேயே இல்லை! இல்லாத ஊரைக் கிண்டலடிக்க ஆசையென்றால் அங்கிருந்து ஆரம்பிக்கலாமே அண்ணா.

22 வருஷம் இல்லை. 1877 முதல் 1996 வரை 119.

1851ல் இங்கே 951 பேர். 1911ல் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அறுபதே வருஷம்! எல்லாம் நிலக்கரி. ஐம்பதுக்கும் அதிகமான சுரங்கங்கள். 1910ல் இந்தப் பள்ளத்தாக்கின் டோனிபாண்டியில் தொழிலாளிகள் கூலிக்காகப் போராடியபோது உள்துறை அமைச்சராக இருந்த சர்ச்சில் லண்டன் போலீஸை அனுப்பினார், பின்னாலேயே பட்டாளமும் வந்தது. இல்லாத ஊருக்கா பட்டாளம் வந்தது?

என் பக்கத்து வீட்டுத் தாத்தா மார்டி சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ரொந்தாவின் கடைசிச் சுரங்கம், 1990 டிசம்பரில் மூடினார்கள். போன வருஷம் அவர் தவறிய பிறகு அவருடைய மகள் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பழுப்பேறிய நூலக அட்டை, ஒரு மூலை கரையான் தின்ற மாதிரி உதிர்ந்திருக்கிறது. அதில் ரொந்தா நகராட்சியின் சின்னம், அடியில் வெல்ஷில் ஒரு வரி: செல்வத்தைவிடப் புகழ் நீடிக்கும். சாகும்வரை அவர் முகவரியில் 'பெந்த்ரே, ரொந்தா' என்றுதான் எழுதினார். கடிதம் ஒன்றுகூடத் திரும்பிப் போனதில்லை.

சரி, இப்போது வருவார்கள். "இரண்டடுக்கு நிர்வாகம் வீண் செலவு, இணைத்ததுதான் சரி." இருக்கலாம். குப்பைக்கு ஓர் ஆபீஸ், பள்ளிக்கூடத்துக்கு இன்னோர் ஆபீஸ் என்று அலைந்ததாகத் தாத்தாவே திட்டுவார். இணைத்ததைப் பற்றியா நான் சண்டை போடுகிறேன்? 1996ல் புதுக் கவுன்சிலுக்கு ரொந்தா, கனன், டாஃப் என்று மூன்று பெயரை ஆணியடித்து ஒரு பலகை செய்தார்கள், அதையும் பொறுத்துக்கொண்டோம். நாடாளுமன்றத் தொகுதியாவது தனியாக இருந்தது. 2024ல் அதற்கும் பக்கத்து ஓக்மோரை ஒட்டவைத்துவிட்டார்கள்.

"நீங்கள் வந்ததே 2006ல், கவுன்சில் கலைந்து பத்து வருஷம் கழித்து. உங்களுக்கு என்ன இவ்வளவு உருக்கம்?" இதைக் கேட்கப்போகிறவர் யார் என்றும் எனக்குத் தெரியும். 2020 பிப்ரவரியில், டென்னிஸ் புயல் அடித்த இரவு, பெந்த்ரேவில் எங்கள் தெரு ஆறாக ஓடியது. முழங்கால் தண்ணீரில் நின்று என் வீட்டுச் சமையலறையிலிருந்து வாளி வாளியாக இறைத்தவர்கள் இந்தத் தெருக்காரர்கள். எண்பது தாண்டிய தாத்தா மாடிப்படியில் உட்கார்ந்து என் மகளுக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். கார்டிஃப்பிலிருந்து நம் ஆட்கள் வாட்ஸ்அப்பில் கைகூப்பும் பொம்மை அனுப்பினார்கள். நன்றி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 22 என்றதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்து, "இன்னும் அந்தப் பள்ளத்தாக்குலேயா இருக்கீங்க? கார்டிஃப் பக்கம் வந்துடலாமே, பிள்ளை படிப்புக்கும் நல்லது" என்றாரே, அதுதான். என்னவோ நான் வழி தெரியாமல் அங்கே சிக்கிக்கொண்ட மாதிரி. வீட்டுக்கடன் முடிந்த வீடு அது, அண்ணா. உங்களுடையது முடிந்துவிட்டதா?

இதை எழுதியிருக்கக் கூடாதுதான். இருக்கட்டும், அழிக்கப்போவதில்லை.

அண்ணி பொங்கல் கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தூக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கழுவி வைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொள்ளலாம். கார்டிஃப்பில் ரயிலேறி டான் பெந்த்ரேவில் இறங்க வேண்டும். இல்லாத ஊருக்கு டிக்கெட் கொடுப்பார்களா என்று கவுன்டரில் கேட்டுவிட்டு ஏறுங்கள்.