மடிச்சு பின் அடிச்ச அந்தப் பாதி சார்ட்

முந்தாநாள் நான் போட்ட அந்த சார்ட் போட்டோவை எல்லாரும் பாத்துட்டீங்க. "விடுங்க அக்கா, இதுக்கெல்லாமா டென்ஷன்"னு இன்பாக்ஸ்ல வந்து சொன்னவங்களும் பாத்துட்டுத்தான் சொன்னீங்க. ரெண்டு நாளா விட்டுத்தான் பாத்தேன். முடியல. அதான் எழுதறேன், நீளமாத்தான் வரும்.

தெரியாதவங்களுக்காக மட்டும் ஒரு வாட்டி சொல்லிடறேன். பாப்பா ஸ்கூல்ல '90ஸ் டே'. அஞ்சாங் கிளாஸ் பிள்ளைங்க ஆளுக்கொரு சார்ட் போட்டு எடுத்துட்டு வரணும், "90கள்ல உலகம் எப்படி இருந்துச்சு" இதுதான் தலைப்பு, சர்க்குலர்ல அவங்களே அடிச்சுக் கொடுத்தது. பாப்பா ஒரு வாரம் உக்காந்து பண்ணா. இடது பக்கம் பிரிக் கேம், கேசட், அந்த கேசட்டுக்குள்ள விட்டுச் சுத்தற பென்சில், தேன்மிட்டாய், மாடியில ஆன்டெனா. வலது பக்கம் மண்டேலா, ஓட்டுப் போட நிக்கற வரிசை, 15 துண்டா பிரிஞ்ச சோவியத் மேப், செவ்வாய் கிரகத்துல ஓடின குட்டி வண்டி, கடல்ல ஒரு போட். ஸ்டேஜ் ஏர்றதுக்கு முன்னாடி மிஸ் வந்து பாத்துட்டு, "இன்னைக்கு ஃபன் டே பாப்பா, இந்த சோகமெல்லாம் வேணாம்"னு சொல்லி வலது பக்கத்தை அப்படியே பின்னாடி மடிச்சு நாலு ஸ்டேப்ளர் பின் அடிச்சு விட்டுட்டாங்க. பாதி சார்ட்டைப் பிடிச்சுக்கிட்டு எம்பொண்ணு ஸ்டேஜ்ல நின்னா.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். பாதியை மடிச்சு வச்சுட்டு அதுக்கு 90கள்னு பேர் வைக்காதீங்க. மிட்டாயும் பொம்மையும் பாட்டும் ஒரு பக்கம், உலகம் வேற பக்கம்னு அந்தக் காலம் ரெண்டா இருக்கல. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டித்தான் இருந்துச்சு.

அன்னைக்கு ஸ்டேஜ்ல மேஜை போட்டு என்னென்ன வச்சிருந்தாங்கன்னு பாருங்க. பிரிக் கேம். செங்கல் செங்கலா மேலருந்து விழும், அடுக்கணும். அது என்ன? டெட்ரிஸ். 1984ல மாஸ்கோல சோவியத் அறிவியல் அகாடமியில வேலை பாத்த அலெக்ஸி பஜித்னோவ்ங்கறவர் உருவாக்குனது. அவர் உருவாக்குன விளையாட்டு நம்ம தெரு ஃபேன்சி ஸ்டோர் வரைக்கும் வந்து சேர்றதுக்குள்ள அவர் நாடே இல்லாமப் போச்சு. இதை ஒரு பத்து வயசு பிள்ளைகிட்ட சொல்லிப் பாருங்க, கண்ணு எப்படி விரியுதுன்னு. அந்த பிரிக் கேம் இடது பக்கம் இருக்கலாம், அந்த நாட்டோட மேப் மட்டும் வலது பக்கம் மடிஞ்சு போகணுமா?

டேப் ரெக்கார்டர் வச்சிருந்தாங்க. எங்க தெருவுக்கு மொத டேப் ரெக்கார்டர் குவைத்லருந்துதான் வந்துச்சு, பக்கத்து வீட்டு மாமா கொண்டு வந்தது. 1990 ஆகஸ்ட் 2ந் தேதி ஈராக் படை குவைத்துக்குள்ள புகுந்தப்ப அந்த வீட்ல அடுப்பு எரியல, அத்தை வாசப்படியிலயே உக்காந்திருந்தாங்க. ஜோர்டான்ல அம்மான் வரைக்கும் பாலைவனத்துல எப்படியோ வந்து சேந்து, அங்கருந்து ஏர் இந்தியா ஒரு லட்சத்துக்கும் மேல நம்ம ஆளுங்களைக் கூட்டிட்டு வந்துச்சு பாருங்க, அதுல ஒரு ஆளா மாமா வந்து இறங்குனாரு, கையில ஒரே ஒரு பை.

அப்புறம் டான்ஸ். 'சின்னச் சின்ன ஆசை'க்கு எவ்வளவு அழகா ஆடுச்சுங்க பிள்ளைங்க. நானும் கை தட்டினேன். அந்தப் பாட்டு வந்த 'ரோஜா' படம், 1992ல, எதைப் பத்தினது? காஷ்மீர்ல தீவிரவாதிங்க ஒருத்தரைக் கடத்திட்டுப் போறதைப் பத்தினது. நாங்க அந்தப் படத்தைத் தியேட்டர்ல அம்மா மடியில உக்காந்து பாத்தோம், யாரும் எங்க கண்ணைப் பொத்தல. பாட்டு மட்டும் வேணும், அது எதுக்குள்ளருந்து வந்துச்சுன்னு பிள்ளைக்குத் தெரியக் கூடாதுன்னா எப்படிங்க?

"ஃபன் டேல போய் வரலாறு பாடமா எடுப்பாங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். சார், தலைப்பு வச்சது அவங்க. "உலகம் எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டது அவங்க. கேட்டாங்க, பிள்ளை பதில் கொண்டு வந்துச்சு. மிட்டாய் பத்தி மட்டும் போதும்னா மிட்டாய்னு தலைப்பு வச்சிருக்கலாம், எம்பொண்ணு ஒரு வாரம் தூக்கம் முழிச்சிருக்க மாட்டா.

மிஸ்ஸுக்கு வேலை ஜாஸ்தி, சம்பளம் கம்மின்னு சொன்னவங்களுக்கு: தெரியும். எங்கம்மாவும் டீச்சர்தான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

"குழந்தைங்க பயந்துடும்", இதைத்தான் நெறைய பேர் சொல்றீங்க. இதுக்குத்தான் நான் கொஞ்சம் பேசணும்.

எல்லாத்தையும் எல்லா வயசுலயும் சொல்லணும்னு நான் சொல்லவே இல்ல. ருவாண்டால 1994ல நடந்த இனப்படுகொலையை நானும் பாப்பாகிட்ட இன்னும் சொல்லல, அதுக்கு அவளுக்கு இன்னும் வயசு வரணும். ஆனா அதே 1994 ஏப்ரல் மாசம் தென்னாப்பிரிக்கால கறுப்பின மக்கள் மொத மொதலா ஓட்டுப் போட வரிசையில நின்னாங்களே, கண்ணுக்கெட்டுற வரைக்கும் வளைஞ்சு வளைஞ்சு போன வரிசை, அது சோகமா? அந்த மாதிரி வரிசைங்கள்ல டர்பன்ல நம்ம தமிழ் ஆளுங்களும் நின்னாங்க. மண்டேலா 27 வருஷம் ஜெயில்ல இருந்தார்னு சொன்னதும் பாப்பா என்ன பண்ணா தெரியுமா, சார்ட் ஓரத்துல பென்சில்ல ஒவ்வொரு கோடா போட்டு 27 கோடு எண்ணுனா. பத்தாவது கோட்டுல நிறுத்தி "அம்மா, இதுவரைக்கும் நான்"னா. அப்புறம் மிச்சம் 17ஐயும் போட்டா. பயந்தாளா அவ? அவ ஒரு மனுஷனோட வாழ்க்கையை அவ வயசால அளந்து பாத்தா. அந்த வரிசையில 62 பேர் வரைஞ்சிருந்தா, நான் எண்ணிப் பாத்தேன், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி கலர்ல சட்டை. ஸ்டேப்ளர் பின்னு ரெண்டு அந்த வரிசை மேலயே இறங்கியிருந்துச்சு. நேத்து நெயில் கட்டர் முனையால மெதுவா எடுத்தேன், ஓட்டை போகல.

செவ்வாயில ஓடுச்சே அந்த வண்டி, சோஜர்னர், 1997 ஜூலை 4ந் தேதி இறங்கின விண்கலத்துக்குள்ள இருந்தது, பத்தரை கிலோ எடை. அதுக்குப் பேர் வச்சது யாரு? கட்டுரைப் போட்டியில எழுதி ஜெயிச்ச ஒரு 12 வயசு பொண்ணு. இதுல என்ன சோகம் இருக்கு? இதையும் சேத்துத்தானே மடிச்சீங்க? படிச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். படிக்கவே இல்ல, அதான் எனக்கு வலிக்குது.

நான் அஞ்சாவது படிக்கறப்ப, 1991. அப்பா திருச்சி போனா என்.சி.பி.ஹெச். (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) கடையில எனக்குப் புக் வாங்கிட்டு வருவார். மாஸ்கோல தமிழ்லயே அச்சடிச்சு வர்ற புக்கு. வழுவழு பேப்பர், பக்கம் பூரா கலர்ப் படம், கரடி, நரி, பனி, கம்பளித் தொப்பி போட்ட தாத்தா, ஒரு வாசனை வேற வரும் அதுல, இன்னைக்கும் மூக்குல இருக்கு. விலை ரொம்பக் கம்மி, அதனாலதான் எங்க வீட்டுக்கே வந்துச்சு. அடுத்த வருஷம் அப்பா வெறுங்கையோட வந்தார். "புது புக் இனிமே வராதாம்மா"ன்னார். ஏன்னு கேட்டேன். "அந்த நாடே இப்ப இல்லம்மா." எனக்குப் புரியல, நாடு எப்படி இல்லாமப் போகும்? அப்பா என் ஸ்கூல் அட்லஸை எடுத்து, அந்தப் பெரிய ஒரே கலர் மேல நியூஸ் பேப்பரைப் பாத்துப் பாத்துப் பென்சில்ல கோடு போட்டார். 15 நாடு. கையெழுத்து கோணலா இருக்கும், உஸ்பெகிஸ்தான்னு எழுத எடம் பத்தாம கடல்ல எழுதியிருப்பார். அந்த அட்லஸைப் பாத்துத்தான் பாப்பா அவ மேப்பைப் போட்டா. தாத்தா போட்ட கோடு அது. தாத்தா இப்ப இல்ல.

எங்கப்பா எனக்குப் பத்து வயசுல சொன்னாரு. நான் ஒடஞ்சு போயிடல. உலகத்துல எங்கயோ நடக்கறது என் கையில இருக்கற கதைப் புக்கு வரைக்கும் வந்து தொடும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

சொல்லாம விட்டா என்ன ஆகும்னும் எனக்குத் தெரியும். அதையும் எழுதிடறேன், இதுவரைக்கும் எங்கயும் எழுதுனதில்ல.

நாலாவதுல, 1990ல, எங்க கிளாஸுக்கு ஒரு பொண்ணு வந்தா. பக்கத்துல இருந்த முகாம்லருந்து. இலங்கையிலருந்து போட்ல ராமேஸ்வரம் வந்து இறங்குனவங்க. என் பக்கத்துலதான் உக்காருவா. பேசறதைக் 'கதைக்கிறது'ன்னு சொல்லுவா, என் கையெழுத்தைப் பாத்து "வடிவா இருக்கு"ன்னு சொன்ன மொத ஆளு அவதான். அந்த வார்த்தைக்காகவே திரும்பத் திரும்ப எழுதிக் காட்டுவேன். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தி கொலை. லீவு முடிஞ்சு ஜூன்ல ஸ்கூல் தொறந்தப்ப அவ பக்கத்துல யாரும் உக்காரல. யாரும் எங்ககிட்ட வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லல, வீட்ல பெரியவங்க குரலைத் தாழ்த்திப் பேசுனதைக் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டதுதான். அரைகுறையா கேட்டதை வச்சு எங்களுக்கு நாங்களே ஒரு கதை கட்டிக்கிட்டோம். நானும் பையைத் தூக்கிக்கிட்டு ரெண்டாவது பெஞ்சுக்குப் போயிட்டேன். அவ திரும்பி ஒரு தடவைதான் பாத்தா. கொஞ்ச நாள்ல அவ வர்றதே நின்னு போச்சு.

அப்பா மாதிரி யாராவது ஒரு பெரியவங்க எங்க கிளாஸுக்கு வந்து, "இந்தப் பிள்ளை எதுக்கும் காரணமில்ல, இது யுத்தத்துலருந்து தப்பிச்சு வந்த பிள்ளை, நீங்க அது கூட உக்காருங்க"ன்னு ரெண்டு வரி சொல்லியிருந்தா நான் எந்திரிச்சிருக்க மாட்டேன். பத்து வயசுக்கு அது புரியும். எங்களுக்குப் பயம் சொன்னதால வரல, சொல்லாம விட்டதால வந்துச்சு. சார்ட்ல இருந்த அந்த போட் அவளோடது. பாப்பாகிட்ட அவளைப் பத்திச் சொன்னேன், நான் பெஞ்ச் மாறினதையும் சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லாமப் போய் போட்டை வரைஞ்சா.

இப்பத் தெரியுதா எனக்கு ஏன் விட முடியலன்னு?

"கூகுள்ல எல்லாம் இருக்கு, பெருசானா பாத்துக்கும்"னு ஒரு கமென்ட். கூகுள் வந்து பெஞ்சுல பக்கத்துல உக்காராது.

இன்னொண்ணு, அந்த 90கள் ஆரம்பிச்சதே குழந்தைங்களுக்காக ஒரு உலக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததோடதான். ஐ.நா.வோட குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, 1990 செப்டம்பர்ல. இந்தியா 1992 டிசம்பர்ல ஏத்துக்கிச்சு. அதோட 13வது பிரிவு, தகவலைத் தேடறதுக்கும் தெரிஞ்சுக்கறதுக்கும் மத்தவங்களுக்குச் சொல்றதுக்கும் குழந்தைக்கு உரிமை இருக்குன்னு சொல்லுது. சொல்றதுக்கும்! எம்பொண்ணு அன்னைக்கு ஸ்டேஜ்ல அதைத்தான் செய்யப் போனா.

நைன்டீஸ் கிட்ஸ்னு பெருமையா சொல்லிக்கற என் வயசு ஆளுங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். தேன்மிட்டாய், மயிலிறகு, வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயித்துக்கிழமை சக்திமான், எனக்கும் எல்லாம் பிடிக்கும், நானும் பாப்பாகிட்ட கதை கதையா சொல்லியிருக்கேன். ஆனா அது மட்டும்தானா நம்ம? நம்ம தெருவுல குவைத்துக்காக அழுதாங்க, நம்ம கிளாஸ்ல ஒரு பொண்ணு தனியா உக்காந்தா, அந்த நாமளும் நாமதானே? நம்ம பிள்ளைங்ககிட்ட நம்மைப் பத்திப் பாதி மட்டும் சொல்லிட்டுப் போறதுக்கு எனக்கு மனசு வரல.

அந்த மிஸ் மேல எனக்குக் கோவம் இல்லன்னு எழுத நெனச்சேன். இருக்கு. ஆனா அவங்க கெட்டவங்க இல்லன்னும் தெரியும், பிள்ளைங்க சிரிக்கணும்னு நெனச்சுத்தான் செஞ்சாங்க. அவங்க இந்தப் பதிவைப் படிப்பாங்கன்னு தெரியும், ரெண்டு பேர் ஏற்கனவே ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருப்பீங்க.

மிஸ், மடிச்ச எடத்துல தண்ணி தெளிச்சு, துணி போட்டு இஸ்திரி பண்ணியிருக்கேன். கோடு இன்னும் தெரியுது, பரவால்ல. பின் குத்துன ஓட்டை ரெண்டுலயும் பாப்பா இன்னும் ரெண்டு ஆளை வரைஞ்சுட்டா, வரிசையில இப்ப 64 பேர். திங்கக்கிழமை காலையில அவளோட நானும் வர்றேன். ஒரு பத்து நிமிஷம் உங்க கிளாஸ்ல எங்களுக்குக் கொடுங்க, அவ பேசட்டும். நீங்களும் உக்காந்து கேளுங்க.